அப்பம்மாவுக்கு ஒரு டிவிடி: 4.7 ஜிபிக்குள் ஒரு கலியாணம்



எடிட் செய்த வீடியோவை டிவிடியில் போடுவது பற்றிப் போன எபிசோட்டில் கதைத்தபோது எண்கள் கனக்க வந்துவிட்டன. கார் ஓடிக்கொண்டு காதால் கேட்கிற ஆட்களுக்கு அது சரிவராது. அதனால் அந்தக் கணக்குகளையும் நான் விட்ட பிழைகளையும் இந்த மடலில் ஒழுங்காக எழுதுகிறேன்.

"இந்தக் காலத்தில ஆர் அண்ணா டிவிடி பாக்கினம்?" என்று கேட்கிறவர்களுக்கு முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருசம் தங்கச்சிக்குக் கலியாணம். ஜெர்மனியில், டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். கரவெட்டியில் இருக்கிற அப்பம்மாவால் வர முடியவில்லை. முழங்கால் பிளேன் பயணத்துக்கு விடாது. அவவிடம் ஸ்மார்ட்போன் இல்லை, வாங்கிக் கொடுத்தாலும் தொடமாட்டா. ஆனால் முன் விறாந்தையில் ஒரு பழைய குழாய் டிவியும் ஒரு டிவிடி பிளேயரும் இருக்கு. தட்டைப் போட்டுப் பட்டனை அமத்த அவவுக்குத் தெரியும். ஒருத்தரையும் கேட்காமல், நினைத்த நேரம் தானாகப் பார்க்கக்கூடிய ஒரே பெட்டி அதுதான்.

எனக்கு ஐடி வேலை. ஒப்பந்தத்தில் கொம்பனி கொம்பனியாகப் போய் மற்றவர்களுடைய சேர்வர்களைத் திருத்துகிறவன். கணினி விஞ்ஞானத்தில் பட்டம் வேற. டிவிடி அடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா என்று, ஒரு சனிக்கிழமை பின்னேரத்திலேயே முடித்து, ஊருக்குப் போன ஒரு மாமாவிடம் கொடுத்துவிட்டேன்.

தட்டுப் போய்ச் சேர்ந்து இரண்டு கிழமையாக ஒரு சத்தமும் இல்லை. பிறகு சித்தப்பா போன் எடுத்தார்.

"தம்பி, தாலி கட்டுற இடத்தில படம் கட்டம் கட்டமா உடையுது. அம்மா இவ்வளவு நாளும் ஒண்டும் சொல்லேலை. தன்ர கண்தான் திரும்பவும் பழுதாப் போச்செண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறா."

அப்பம்மாவுக்கு அதற்கு முந்தின வருசம்தான் கண்புரை ஒப்பரேசன் நடந்தது. என்னுடைய எக்ஸ்போர்ட் பிழையை அவ தன் கண்ணில் போட்டுக்கொண்டு இரண்டு கிழமை பேசாமல் இருந்திருக்கிறா. அன்று இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்குத்தான் இன்றைய பாடம்.

டிவிடி ஒரு பெட்டி. அளவை நீங்கள் மாற்ற ஏலாது

யூடியூபுக்கு எக்ஸ்போர்ட் செய்யும்போது ஃபைல் பெரிதாக வந்தால் வரட்டும் என்று விடலாம். டிவிடியில் அப்படி இல்லை. அதன் விதிகள் 1990களில் எழுதப்பட்டவை, பிளேயர்கள் அவற்றை மீற விடாது.

பால் முறையில் (குடிக்கிற பால் இல்லை, ஐரோப்பாவிலும் இலங்கையிலும் இந்தியாவிலும் இருந்த டிவி முறையின் பெயர்) படம் 720 க்கு 576 புள்ளி, செக்கனுக்கு 25 படம். கனடா, அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறையில் 720 க்கு 480, செக்கனுக்கு 29.97 படம். இரண்டிலும் படத்தைச் சுருக்குவது எம்பெக்-2 முறை. படத்துக்கான பிட்ரேட் செக்கனுக்கு 9.8 மெகாபிட்டைத் தாண்டக்கூடாது. ஒலி 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கவேண்டும்.

நாங்கள் எடுக்கிற எச்டி படம் 1920 க்கு 1080. பெருக்கிப் பாருங்கோ: 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளி. பால் டிவிடியில் 4 லட்சத்து 14 ஆயிரத்து 720. சரியாக ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே எந்த செட்டிங்கைத் தட்டினாலும் டிவிடி எச்டி ஆகாது. ஐந்தில் ஒரு பங்கு படத்தை உடையாமல், நடுங்காமல், சுத்தமாகக் காட்டுவதுதான் எங்களால் செய்யக்கூடியது. பழைய குழாய் டிவியில் அப்படியான படம் உண்மையிலேயே வடிவாக இருக்கும்.

600 ஐ நிமிடத்தால் வகுங்கோ

சாதாரண ஒற்றை அடுக்குத் தட்டில் 4.7 ஜிபி இடம். கம்ப்யூட்டரில் 4.37 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், அது 1024 ஆல் எண்ணுகிறது. 470 கோடி பைட்டை 8 ஆல் பெருக்கினால் 37,600 மெகாபிட். மெனு, மற்ற செலவுகளுக்குக் கொஞ்சம் ஒதுக்கினால் 36,000 மெகாபிட் கையில் நிற்கும். அதை 60 ஆல் வகுத்தால் 600.

அதாவது 600 ஐ உங்கள் வீடியோவின் நிமிடங்களால் வகுத்தால், படத்துக்கும் ஒலிக்கும் சேர்த்து ஒரு செக்கனுக்கு எத்தனை மெகாபிட் என்று வந்துவிடும்.

60 நிமிடம்: 10. அது வரம்பை ஒட்டியது, 8 இல் நிறுத்துங்கோ.
75 நிமிடம்: 8.
90 நிமிடம்: 6.6.
120 நிமிடம்: 5.
150 நிமிடம்: 4.

என் அனுபவத்தில் 6 க்கு மேல் என்றால் கவலை இல்லை. 5 சமாளிக்கும. 4 க்குக் கீழே போனால் ஆட்கள் ஆடி ஓடுகிற இடத்தில் உடையத் தொடங்கும்.

இப்ப என்னுடைய முதல் தட்டுக்கு வாங்கோ. கலியாணம் முழுக்க 190 நிமிடம். "தட்டுக்குள் அடக்கு" என்ற பட்டனை அமத்தினேன், சொஃப்ட்வெயர் மறுபேச்சில்லாமல் அடக்கியது. 600 ஐ 190 ஆல் வகுத்தால் 3.1. அதுவே குறைவு. இதற்குள் இன்னொரு கள்ளன் இருந்தான். ஒலியை நான் பிசிஎம் என்ற சுருக்காத வடிவில் விட்டிருந்தேன். அது மட்டும் செக்கனுக்கு 1.5 மெகாபிட் தின்னும். மிச்சம் படத்துக்கு 1.6.

நாதஸ்வரம் திறமாகக் கேட்டிருக்கும். படத்துக்குத்தான் சாப்பாடு கிடைக்கவில்லை.

ஒலியை ஏசி-3 (டொல்பி டிஜிட்டல்) வடிவில் 256 கிலோபிட்டுக்கு மாற்றினால் போதும். மேளச் சத்தத்தில் வித்தியாசம் பிடிக்க ஏலாது. படத்துக்கு 1.2 மெகாபிட்டுக்கு மேல் திரும்பி வரும்.

ஏன் சரியாகத் தாலி கட்டும்போது?

மூன்று மணித்தியாலத்தில் ஐயர் மந்திரம் சொன்ன இடமெல்லாம் நன்றாக இருந்தது. அப்பம்மா பார்க்க ஆசைப்பட்ட அந்த அரை நிமிடம் மட்டும் உடைந்தது. அது தற்செயல் இல்லை.

எம்பெக்-2 ஒவ்வொரு படத்தையும் முழுதாக எழுதுவதில்லை. பால் டிவிடியில் அதிகபட்சம் 15 படத்துக்கு ஒருமுறை ஒரு முழுப்படம் எழுதும். இடையில் வருபவற்றில் "முந்தின படத்திலிருந்து என்ன மாறியது" என்பதை மட்டும் எழுதும். ஐயர் இருந்த இடத்தில் இருந்து மந்திரம் சொன்னால் மாறுவது கையும் வாயும்தான், செலவு குறைவு. தாலி கட்டும்போது என்ன நடக்கும்? கெட்டி மேளம். நாலு பக்கத்திலிருந்தும் அட்சதையும் பூவும் பறக்கும். எல்லாரும் எழும்புவார்கள். பத்துக் கமராவின் ஃபிளாஷ் வெட்டும். ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு பக்கம் போகும், ஒவ்வொரு ஃபிளாஷும் முழுப் படத்தின் வெளிச்சத்தையும் மாற்றும். எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும், ஆனால் கையில் பிட் இல்லை. அப்போது அது நுணுக்கங்களை எறிந்துவிட்டுச் சதுரம் சதுரமாக எழுதும். அப்பம்மா கண்டது அந்தச் சதுரங்களைத்தான்.

கலியாண வீடியோவில் முக்கியமான கணமும் சுருக்குவதற்கு ஆகக் கஷ்டமான கணமும் ஒன்றேதான். பிறந்தநாளில் மெழுகுதிரி ஊதிக் கடதாசிப் பூ வெடிக்கிற இடமும், அரங்கேற்றத்தில் தில்லானாவும் அப்படித்தான்.

இதற்கு மருந்து இரண்டு தடவை ஓடும் மாறும் பிட்ரேட். எக்ஸ்போர்ட் பெட்டியில் "விபிஆர், 2 பாஸ்" என்று இருக்கும். முதல் ஓட்டத்தில் முழு வீடியோவையும் பார்த்து எந்த இடம் கஷ்டம் என்று குறித்துக்கொள்ளும். இரண்டாவதில் ஐயரிடம் மிச்சம் பிடித்து அட்சதைக்குக் கொடுக்கும். நேரம் கூடப் பிடிக்கும், பரவாயில்லை. உச்சத்தை மட்டும் 8 இல் கட்டி வையுங்கோ. விதிப்படி 9.8 வரை போகலாம் என்றாலும், வீட்டில் அடித்த தட்டைப் பழைய பிளேயர் ஒன்று அந்த வேகத்தில் வாசிக்கத் திணறலாம்.

ஒரு தடவைதான் சுருக்க வேண்டும்

இது என்னுடைய அடுத்த பிழை. எடிட்டிங் சொஃப்ட்வெயரிலிருந்து முதலில் இணையத்துக்கான எச்.264 ஃபைல் ஒன்றாக எடுத்தேன். அதை டிவிடி செய்கிற சொஃப்ட்வெயருக்குக் கொடுத்தேன். அது திரும்பவும் எம்பெக்-2 ஆகச் சுருக்கியது. ஃபோட்டோகொப்பியை ஃபோட்டோகொப்பி எடுத்த மாதிரி, முதலாவதில் விழுந்த அழுக்கையும் இரண்டாவது கவனமாகப் பிட் செலவழித்து எழுதும்.

சரியான வழி இரண்டு. உங்கள் எடிட்டர் நேரடியாக டிவிடிக்கான எம்பெக்-2 தருமென்றால் அதையே எடுத்து, டிவிடி சொஃப்ட்வெயரில் திரும்பச் சுருக்காமல் வைக்கச் சொல்லுங்கோ. டிவிடி ஸ்டைலர் என்ற இலவச சொஃப்ட்வெயரில் அதற்கு "கொப்பி" என்ற தெரிவு இருக்கு. எடிட்டர் எம்பெக்-2 தராவிட்டால், புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற கனமான இடைநிலை ஃபைலாக எடுத்து, அதிலிருந்து ஒரே தடவை சுருக்குங்கோ. கட்டளை வரியில் வேலை செய்யப் பிடித்தவர்களுக்கு எஃப்எஃப்எம்பெக் போதும். அதில் பால் டிவிடி என்று இலக்கைச் சொன்னால் அளவு, படவேகம், ஒலி எல்லாம் தானாகப் பொருந்தும். பிட்ரேட்டை மட்டும் நீங்கள் கணக்குப் பார்த்துக் கொடுங்கோ.

25 உம் 30 உம்

எங்கள் கமராக்காரர் பால் முறையில் எடுத்தார். மச்சான், மச்சாள்மார் போனில் எடுத்தவை செக்கனுக்கு 30 படம். 25 படம் ஓடுகிற டிவிடியில் அவற்றைப் போட்டால் செக்கனுக்கு 5 படத்தை எறிய வேண்டும். ஆட்கள் நடக்கும்போது சின்னச் சின்னதாக இடறுகிற மாதிரித் தெரியும்.

பேச்சு, பாட்டு இல்லாத துண்டுகளுக்கு ஒரு தந்திரம் இருக்கு. வேகத்தை 83.3 வீதமாகக் குறையுங்கோ. 30 இல் 25 அதுதான். ஒரு படமும் எறிபடாது, கொஞ்சம் மெதுவாக, வழுக்கிக்கொண்டு போகும். பொம்பிளை மணவறைக்கு வருகிற காட்சிக்கு அது இன்னும் வடிவு. சத்தம் தேவையான துண்டுகளில் இடறலைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அடுத்த கலியாணத்துக்கு முதலே சொந்தக்காரரிடம் போனை 25 இல் வைக்கச் சொல்லுங்கோ. ஐபோனின் கமரா செட்டிங்கில் பால் வடிவங்களைக் காட்டச் சொல்லும் தெரிவு இருக்கு.

கனடாவில் அத்தை தனக்கும் ஒரு தட்டு வேணும் என்றா. பால் தட்டை அங்கே பல பிளேயர்கள் எடுக்காது. 25 ஐ 29.97 ஆக இழுத்துக் கெடுப்பதை விட, அவவுக்கு நல்ல எச்டி ஃபைலை யூஎஸ்பியில் அனுப்பினேன். அவவின் டிவி அதை நேரே எடுக்கும். டிவிடி தேவையான இடத்துக்குத்தான் டிவிடி.

பாதிப் பாதியாக வரும் படம்

கமராக்காரர் தந்தது 1080 50ஐ. ஐ என்றால் இன்டர்லேஸ். ஒற்றை வரிகள் ஒருமுறை, இரட்டை வரிகள் ஒருமுறை என்று செக்கனுக்கு 50 அரைப்படம். குழாய் டிவி அப்படித்தான் வரையும், ஆகவே அதை அப்படியே இன்டர்லேஸ் ஆகக் கொடுப்பது நல்லது. ஆனால் எந்த அரைப்படம் முதலில் என்ற வரிசை மாறினால், ஆட்கள் ஒரு அடி முன்னே, அரை அடி பின்னே என்று நடுங்குவார்கள். எச்டி கமராக்களில் பொதுவாக மேல் வரி முதலில். பழைய டிவி (அந்தச் சின்ன டேப் கமரா முறை, டிஜிட்டல் வீடியோ) என்றால் கீழ் வரி முதலில். எடிட்டரில் துண்டின் தகவலைத் திறந்து, வரிசை சரியாகக் குறிக்கப்பட்டிருக்கா என்று பாருங்கோ. அது சரியென்றால்தான் 1080 ஐ 576 ஆகக் குறைக்கும்போது வரிகள் சீப்புப் பல் மாதிரிக் கலையாமல் இருக்கும். லேப்டொப்பில் இந்தப் பிழை தெரியாது, டிவியில்தான் தெரியும்.

தமிழ் எழுத்தின் புள்ளி

இதை எந்த ஆங்கில டியூட்டோரியலிலும் நான் காணவில்லை. எச்டியில் வடிவாக எழுதிய பெயர்கள் டிவிடியில் வந்தபோது புள்ளிகள் காணாமல் போயின. க் எல்லாம் க ஆகிவிட்டது. 1080 வரியில் இரண்டு மூன்று வரி தடிப்பான புள்ளி, 576 இல் ஒன்றரை வரி ஆகிறது. இன்டர்லேஸில் அது ஒரு அரைப்படத்தில் இருக்கும், மற்றதில் இருக்காது. மினுங்கும், அல்லது மறையும்.

தடித்த எழுத்துருவை எடுங்கோ. டிவிடி அளவில் ஒரு எழுத்து 40 வரி உயரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். சுத்தச் சிவப்பு எழுத்தைத் தவிருங்கோ, டிவிடி நிறத்தைப் படத்தை விடக் குறைந்த நுணுக்கத்தில்தான் சேமிக்கும், ஓரம் கரையும். குழாய் டிவி நாலு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டும் என்பதால், எழுத்துகளைப் படத்தின் நடு 80 வீதத்துக்குள் வையுங்கோ. முதல் தட்டில் மாப்பிள்ளையின் பெயரில் கடைசி எழுத்து அப்பம்மாவின் டிவிக்கு வெளியே நின்றது.

முதலில் மோசமான இரண்டு நிமிடம்

முழு வீடியோவையும் அடித்துவிட்டுப் பார்க்கவேண்டாம். ஆகக் கஷ்டமான இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டி, சராசரி பிட்ரேட்டில் எக்ஸ்போர்ட் செய்து, திரும்ப எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ தட்டில் போட்டு, கையில் கிடைக்கிற ஆகப் பழைய டிவியில் பாருங்கோ. நான் அட்சதை இரண்டு நிமிடத்தையும் ஒரு ஃபிரெண்டின் அம்மா வீட்டு டிவியில் ஐந்து தடவை பார்த்தேன். அந்த அன்ரி ஐந்தாவது தடவை, "தம்பி, உமக்குக் கலியாணம் பேசட்டே?" என்று கேட்டா.

எதை வெட்டுவது?

190 நிமிடத்தை ஒரு தட்டில் போட முடியாது என்று கணக்குச் சொல்லிவிட்டது. இரட்டை அடுக்குத் தட்டு 8.5 ஜிபி, ஆனால் பழைய பிளேயர் சிலது அதை எடுக்காது. ஆகவே வெட்டுவம் என்று தொடங்கினேன். சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிற நாற்பது நிமிடத்தை ஆர் பார்க்கப் போகினம்?

அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அதை வெட்டாதை. அம்மா அதைத்தான் பார்ப்பா. ஆர் ஆர் வந்தது, ஆர் மெலிஞ்சது, எந்தப் பிள்ளை வளந்திட்டுது எண்டு."

ஒன்றையும் எறியாமல் இரண்டு தட்டாகப் பிரித்தேன். சடங்கு ஒன்றில், ஆட்கள் மற்றதில், தட்டுக்கு 95 நிமிடம். 600 ஐ 95 ஆல் வகுத்தால் 6.3. ஒலிக்கு 0.25 போக, படத்துக்கு 6. முதல் தட்டில் 1.6. கிட்டத்தட்ட நாலு மடங்கு. இதற்கு நான் செலவழித்தது இன்னொரு வெறும் தட்டின் காசு மட்டும்.

படத்தரம் என்பது எங்கேயோ ஒளித்திருக்கிற ஒரு பட்டன் இல்லை. இருக்கிற பிட்டை எத்தனை நிமிடத்துக்கு, எந்தக் கணத்துக்குப் பங்கு போடுகிறோம் என்பதுதான் அது. அந்தப் பங்கைப் பிரிக்க, பார்க்கப் போகிற ஆளைத் தெரிந்திருக்க வேண்டும்.

எக்ஸ்போர்ட்டுக்கு முன் ஒருக்காப் பாருங்கோ

1. 600 ஐ நிமிடத்தால் வகுத்தேனா? 5 க்குக் கீழே என்றால் இரண்டு தட்டு.
2. ஒலி ஏசி-3, 48 கிலோஹெர்ட்ஸ்.
3. விபிஆர், 2 பாஸ், உச்சம் 8.
4. எம்பெக்-2 ஆக ஒரே தடவைதான் சுருங்குதா?
5. போகிற நாட்டுக்குப் பொருந்தும் முறை, சரியான அரைப்பட வரிசை, 16:9 என்ற குறி.
6. புள்ளிகள் தெரியுதா?
7. மோசமான இரண்டு நிமிடத்தைப் பழைய டிவியில் பார்த்தேனா?
8. அடிக்கும்போது ஆகக் கூடிய வேகத்தை விட்டு, நடுத்தர வேகம்.

இரண்டாவது முறை தட்டுகள் போய்ச் சேர்ந்த அன்றே போன் வந்தது. இந்த முறை அப்பம்மாவே கதைத்தா. படம் எப்படி என்று கேட்டேன். "படம் நல்லாத்தான் இருக்கு. என்ர கண்ணுக்கு ஒண்டும் இல்லை" என்றா. பிறகு, சாப்பாட்டு வரிசையில் பச்சைச் சேலையோடு நிற்கிறது தன்னோடு படித்தவவின் மகளோ என்று கேட்டா. எனக்குத் தெரியாது. அப்பாவைக் கேட்டேன். ஓம், அவதான்.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஊருக்கு அனுப்பாமல் கிடக்கிற ஒரு வீடியோ இருக்கும். இந்தக் கிழமை அதன் நீளத்தைப் பார்த்து 600 ஐ வகுத்துப் பாருங்கோ. சிக்கினால் இந்த மடலுக்கே பதில் போடுங்கோ, அடுத்த எபிசோட்டில் கதைப்பம்.